தர்மு கூவிய புத்தகம்

போன வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து ஓர் இளம் உபாத்தியாயர் என்னைப் பார்க்க வந்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். மரியாதை தெரிந்த பிள்ளை, அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. வருகிற விஜயதசமிக்குப் புத்தகச் சந்தை விழாவை விமரிசையாக நடத்தப் போகிறார்களாம். காலஞ்சென்ற காரியதரிசி பஞ்சாபகேசய்யரின் படத்தை அன்றைக்குத் திறந்து வைக்கப் போகிறார்களாம். விழா மலருக்கு நான் ஒரு கட்டுரை தர வேண்டுமாம்.

“என்ன எழுதணும்?” என்று கேட்டேன்.

“புத்தகச் சந்தைங்கற யோசனை காரியதரிசி மாமாவுக்கு எப்படித் தோணித்துன்னு எழுதுங்கோ சார். அவரோட கூட இருந்தவாள்ளே நீங்க ஒருத்தர்தான் இப்போ இருக்கேள்.”

எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது. குடித்துக்கொண்டிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். பாவம், அந்தப் பிள்ளை பயந்துபோய் விசிறியைத் தேடினார்.

“இருக்கட்டும். இந்தத் தடவை குழந்தைகள் எந்தப் புத்தகத்தையெல்லாம் கூவப் போறா?”

“புத்தகம் அழுக்காயிடும்னு கமிட்டியிலே சொல்லிட்டா சார். தச்சன்கிட்டச் சொல்லி மரக்கட்டையிலே புத்தகம் மாதிரியே பண்ணி, கலர்க் காகிதம் ஒட்டி வெச்சிருக்கோம். என்ன கூவணும்னு நானே எழுதிக் கொடுத்துட்டேன். எல்லாரும் நன்னா மனப்பாடம் பண்ணிண்டிருக்கா.”

“நிஜப் புத்தகமெல்லாம்?”

“அலமாரியிலே பத்திரமா இருக்கு சார். சாவி காரியதரிசிகிட்ட.” இப்போதைய காரியதரிசி, காலஞ்சென்றவரின் மூத்த குமாரர்.

மரக்கட்டை! படிக்காத குழந்தை, திறக்காத அலமாரி, கையில் ஒரு மரக்கட்டை. அதற்கு ஒரு விழா, அந்த விழாவுக்கு ஒரு படம், அந்தப் படத்துக்கு என் கையால் ஒரு கட்டுரை. சரி, எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். இதுதான் அந்தக் கட்டுரை. மலரில் போடமாட்டார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வேறு எங்காவது போட்டுக்கொள்கிறேன்.

நான் கும்பகோணத்தில் உபாத்தியாயர் பயிற்சி முடித்தவன். கரும்பலகையில் கோணாமல் எழுதவும், பிரம்பைக் கையில் வைத்துக்கொண்டு அடிக்காமலேயே அடக்கவும் அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு புத்தகத்தைக் குழந்தையின் கையில் எப்படிக் கொடுப்பது என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. என் மைத்துனன் கல்கத்தாவில் பாங்கி ஒன்றில் வேலையாயிருந்தான். இங்கே நம்மவர் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்க ஆள் தேவை என்று அவன் எழுதினான். ஒரு தகரப் பெட்டியும் மனைவியுமாக ஹௌராவில் வந்து இறங்கினேன். தலைநகரம் டில்லிக்குப் போவதற்கு முந்தைய காலம் அது. சர்க்கார் ஆபீஸ்களில் நம்மவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள்.

பள்ளிக்கூடம் பவானிபூரில் ஒரு சந்துக்குள் மாடியில் இருந்தது. கீழே ஒரு வங்காளி வைத்தியரின் மருந்துக்கடை. அவர் கஷாயம் காய்ச்சும் நெடி நாள் முழுக்க மேலே ஏறிவரும். பாலிகஞ்சிலிருந்தும் கிடர்பூரிலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். பத்து வயசு வரை பெண் குழந்தைகளும் உண்டு. எல்லாரும் அம்மாவிடம் தமிழ் பேசுவார்கள், சந்தில் இறங்கினால் வங்காளி. ஒருவரையொருவர் வைதுகொள்வதும் வங்காளியில்தான். தமிழில் எழுத்துக் கூட்டிப் படிப்பார்கள். ஆனால் அந்த எழுத்துக்குள் ஒரு கதை இருக்கிறது, அதில் மனிதர்கள் நடமாடுகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

இனிக் காரியதரிசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஞ்சாபகேசய்யர் க்ளைவ் தெருவில் ஒரு சணல் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தா. பஞ்சகச்சம், கறுப்புக் கோட்டு, ஜரிகைத் தலைப்பாகை, கையில் குடை. சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ் முடிந்ததும் நேரே பள்ளிக்கூடத்துக்கு வருவார். படியேறும்போது ஒரு செருமல் செருமுவார். அதுவரை இரைச்சலாக இருந்த வகுப்பு அப்படியே அடங்கிவிடும். ஜோடுகளைச் சுவரோரம் நுனி பிசகாமல் வைப்பார். கால் கழுவிக்கொண்டு வந்து அலமாரியின் முன் நின்று கண்ணை மூடிக்கொள்வார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, பைக்கடிகாரத்தைத் திறந்து மேஜைமேல் வைத்துவிட்டு, விரலை ஆட்டி ஒரு குழந்தையைக் கூப்பிடுவார்.

குழந்தை செய்யுள் ஒப்பிக்கும். அவர் மூடிய கண்ணைத் திறக்கமாட்டார். எங்கேயாவது தடுக்கினால் போச்சு. “நெக்ஸ்ட்” என்பார். அவ்வளவுதான், அந்தக் குழந்தையின் தமிழ் அந்த வாரத்துக்கு முடிந்தது. ஒருநாள் அவர் எதிரில் ஒரு பையனுக்கு நான் பொருள் சொல்லப் போனேன்.

“மிஸ்டர், அர்த்தமெல்லாம் பெரியவனானா தானே தெரிஞ்சுடும். இப்போ ஒப்பிச்சாப் போறும்” என்றார். அவர் என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அலமாரி என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல பர்மாத் தேக்கு, கண்ணாடிக் கதவு. நம்மவர்கள் வீட்டுக்கு வீடு சந்தா போட்டு மதராஸிலிருந்து வரவழைத்த தமிழ்ப் புத்தகங்கள் உள்ளே வரிசையாக நிற்கும். முழுக்கக் கதைப் புத்தகங்கள், குழந்தைகளுக்கென்றே வாங்கியவை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வகுப்புக்கு ஒரு புத்தகம் வேண்டும் என்று காரியதரிசியைக் கேட்டேன். அவர் நிதானமாகக் கோட்டுப் பொத்தானைக் கழற்றினார். சட்டைக்குள் கையை விட்டுப் பூணூலை வெளியே இழுத்தார். அதில் அலமாரிச் சாவி முடிந்திருந்தது.

“பார்த்துண்டேளா மிஸ்டர்? இது என் தேகத்தை விட்டுப் போகாது” என்று சொல்லி மறுபடி உள்ளே போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டார்.

வருஷத்தில் இரண்டு தடவை அலமாரி திறக்கும். நவராத்திரியில் நம் சரஸ்வதி பூஜைக்கு ஒன்று. தை மாசி வாக்கில் வங்காளிகள் கொண்டாடும் சரஸ்வதி பூஜைக்கு இன்னொன்று. “இந்த ஊர்லே இருக்கோம், இந்த ஊர் சரஸ்வதியையும் விட்டுடப்படாது” என்பது அவர் கட்சி. நல்ல கட்சிதான். ஆனால் இரண்டு பூஜையிலுமே அன்றைக்குப் புத்தகத்தைத் தொடக் கூடாது, படிக்கக் கூடாது. ஆக, படிக்கக் கூடாத நாளாகப் பார்த்து அந்த அலமாரியைத் திறந்தார்கள். படிக்கலாம் என்கிற மற்ற எல்லா நாளும் பூட்டி வைத்தார்கள். இதில் ஒரு கோணலும் இருப்பதாகக் கமிட்டியில் ஒருவருக்கும் படவில்லை. எல்லாரும் பட்டதாரிகள்.

விஜயதசமி காலையில் மாத்திரம் ஒவ்வொரு குழந்தையும் ஒரு புத்தகத்தை எடுத்து முதல் வரியைப் படித்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பி வைக்கும். அப்புறம் மறுபடி பூட்டு. வருஷா வருஷம் சந்தனமும் குங்குமமும் வைத்து வைத்து அட்டைகளெல்லாம் காய்ந்த சேறு பூசினாற்போல் ஆகிவிட்டன. சில புத்தகங்களில் பக்கங்கள் அச்சுக்கூடத்தில் மடித்த மடிப்பாகவே இருந்தன, ஓரம்கூட வெட்டவில்லை. எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

என் தகரப் பெட்டியில் சொந்தமாகச் சில கதைப் புத்தகங்கள் கொண்டுவந்திருந்தேன். வெள்ளிக்கிழமை பிற்பகலில் அவற்றைப் பிள்ளைகளிடம் கொடுத்து, வீட்டில் படித்துவிட்டு அடுத்த வெள்ளிக்கிழமை வந்து கதையைச் சொல்லுங்கள் என்றேன். வந்தார்கள். கையைக் கட்டிக்கொண்டு நின்று முதல் பக்கத்தைச் செய்யுள் மாதிரி ஒப்பித்தார்கள். அடுத்து என்ன நடந்தது என்று கேட்டால் என் முகத்தைப் பார்த்தார்கள். எப்போது “நெக்ஸ்ட்” சொல்வேன் என்று காத்திருந்தார்கள்.

தர்மு என்கிற தர்மாம்பாள் அந்த வகுப்பில் ஒரு குழந்தை. கிடர்பூரில் நம்மவர் பிரம்மசாரிகளுக்காக ஒரு மெஸ் இருந்தது. துறைமுகத்திலும் கப்பல் கம்பெனிகளிலும் வேலை பார்த்த இளைஞர்கள் அங்கே சாப்பிடுவார்கள். அந்த மெஸ்ஸின் சமையல்காரர் வைத்தாவின் பெண் இவள். தாயில்லாத குழந்தை. சமையல்காரர் பெண்ணைச் சேர்த்துக்கொண்டதே தாங்கள் செய்த பெரிய தர்மம் என்று கமிட்டிக்காரர்கள் அடிக்கடி சொல்லிக்கொள்வார்கள், அவள் காதில் விழும்படியாகவே.

அன்று தர்முவின் முறை. அவளும் முதல் பக்கத்தை ஒப்பித்துவிட்டு நின்றாள். அப்போது கீழே சந்தில் வளையல்காரன் ஒருவன் நீட்டி முழக்கிக் கூவிக்கொண்டு போனான். வகுப்பு முழுவதும் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“தெருவிலே போறவன் சரக்கு உங்களுக்கு இனிக்கறது, நான் கொண்டுவந்த சரக்கு கசக்கறதா?” என்று கத்தினேன்.

நான் வசவாகச் சொன்னதைத் தர்மு கேள்வியாக எடுத்துக்கொண்டாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அவன் கூடையை மூடிண்டு உள்ளே என்ன இருக்குன்னு சொல்றான் சார். நாம புஸ்தகத்தைத் திறந்து வெச்சுண்டு ஒண்ணுமே சொல்லலியே” என்றாள்.

“அப்படின்னா நீயே சொல்லு பார்ப்போம்.”

மூலையில் கிடந்த பிரப்பங்கூடையை எடுத்தாள். புத்தகத்தை அதில் போட்டுத் தன் தாவணித் துண்டால் மூடினாள். தலையில் வைத்துக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தாள். வளையல்காரனின் அதே ராகம், அதே இழுப்பு.

“கதை வாங்கலையோ கதை! கடல்லே தொலைஞ்ச தங்கையைத் தேடற கதை! பேசற மீனு உண்டு, பொய் சொல்ற ராஜா உண்டு! அழுகை வந்தா நான் பொறுப்பில்லே! கதையே...”

பிள்ளைகள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். “மீனு என்ன பேசும்?” “ராஜா யார்கிட்டப் பொய் சொன்னான்?” அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள், ஆனால் பாதிதான் சொன்னாள். மீதியைச் சொல்லு என்று கெஞ்சினார்கள். “வாங்கினாத்தான் தெரியும்” என்று கூடையை மூடிக்கொண்டாள். அன்று அந்த ஒரு புத்தகத்துக்கு வகுப்பில் அடிதடி நடந்தது. ஆயுளில் முதல் தடவையாக ஒரு தமிழ்ப் புத்தகத்துக்காகக் குழந்தைகள் சண்டை போட்டதைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை என்றால் சந்தை. முறைகளைப் பிள்ளைகளே வகுத்தார்கள். படித்தவன் கூடையில் வைத்துக் கூவ வேண்டும். கேட்கிறவர்கள் பேரம் பேச வேண்டும். பேரம் என்றால் காசில்லை, கேள்விதான். “உள்ளே சொத்தை இருக்கா?” என்று ஒருவன் கேட்பான். கதையில் அலுப்பான இடம் எது என்று அதற்கு அர்த்தம். விற்பவன் ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். முடிவை மட்டும் சொல்லக் கூடாது. படிக்காமல் கூவ வந்தவன் மூன்றாவது கேள்வியில் மாட்டிக்கொள்வான், எல்லாரும் “காலிக் கூடை! காலிக் கூடை!” என்று கத்துவார்கள். அதைவிடப் பெரிய அவமானம் அந்த வகுப்பில் கிடையாது. தர்மு மெஸ் அடுப்படியிலிருந்து புளியங்கொட்டை மூட்டை கட்டிக்கொண்டு வருவாள், அதுதான் நாணயம்.

பிரம்பை நான் எங்கே வைத்தேன் என்று எனக்கே மறந்துபோயிற்று. வங்காளியில் வைதுகொண்டிருந்த பிள்ளைகள் தமிழில் பேரம் பேசினார்கள். சனிக்கிழமை செருமல் கேட்டதும் கூடை மூலைக்குப் போய்விடும். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு ஒப்பிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

என் தகரப் பெட்டி எத்தனை நாள் தாங்கும்? இருந்ததெல்லாம் விற்றுத் தீர்ந்தது. பிள்ளைகள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே மூக்கை அழுத்திக்கொண்டு உள்ளே இருக்கும் புத்தகங்களின் முதுகில் இருந்த பெயர்களைப் படித்தார்கள். அலமாரியைத் திறக்கச் சொல்லி நான் காரியதரிசியிடம் மறுபடி கேட்டேன், கமிட்டியில் ஒவ்வொருவரையும் வீடு தேடிப் போய்க் கேட்டேன். “அவர்கிட்டச் சாவி இருக்கு, அவரைக் கேளுங்கோ” என்றார்கள்.

நவராத்திரி வந்தது. சரஸ்வதி பூஜையன்று அலமாரி திறந்தது. புத்தகங்களையெல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன் அடுக்கிச் சந்தனம் அப்பினார்கள். பூஜை முடிந்து குடும்பங்கள் எல்லாம் கீழே வைத்தியர் வீட்டு முற்றத்தில் சாப்பிட இறங்கின. சமையல் வைத்தா. அவர் பெண்தானே, பந்தியில் அவளுக்கு என்ன அவசரம்? “நீ இங்கேயே இரு, விளக்கு அணையாமல் பார்த்துக்கோ” என்று காரியதரிசி தர்முவை மேலே உட்கார வைத்துவிட்டுப் போனார்.

பசியோடு ஒரு குழந்தை. எதிரே வருஷக் கணக்காகக் கண்ணாடி வழியாகப் பார்த்த புத்தகங்கள், பூட்டில்லாமல், கை எட்டும் தூரத்தில். படித்தால் சரஸ்வதி கோபிப்பாள் என்கிறார்கள். அவள் என்ன செய்திருப்பாள்? நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?

மறுநாள் விஜயதசமி. கூடம் நிறையப் பெரியவர்கள், பட்டுப்புடவைகள். காரியதரிசி நாற்காலியில், கடிகாரம் மேஜைமேல். குழந்தைகள் ஒவ்வொருவராக வந்து ஒரு வரி படித்தார்கள். “நெக்ஸ்ட்.” “நெக்ஸ்ட்.” தர்மு வந்தாள். நீல அட்டை போட்ட மெல்லிய புத்தகம் ஒன்றை எடுத்தாள். முதல் வரியைப் படித்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஆனால் கீழே வைக்கவில்லை.

“நெக்ஸ்ட்” என்றார் காரியதரிசி.

“இதிலே இன்னும் நிறைய இருக்கு மாமா” என்றாள்.

சபையில் யாரோ சிரித்தார்கள். பின் வரிசையிலிருந்து ஒரு வாண்டு, அது வெள்ளிக்கிழமை என்று நினைத்துக்கொண்டதோ என்னவோ, “தர்மு, உள்ளே என்ன இருக்கு?” என்று கத்திவிட்டது.

அவ்வளவுதான். அவளை அப்புறம் யாரால் நிறுத்த முடியும்? புத்தகத்தைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டாள். “கதை வாங்கலையோ கதை! கப்பல்லே போன அப்பா திரும்பி வரலே! பையன் தானே ஓடம் கட்டிண்டு கிளம்பிட்டான்! புயலு உண்டு, திமிங்கிலம் உண்டு, தீவிலே ஒரு ஊமைக் கிழவன் உண்டு! கதையே...” பிள்ளைகள் எழுந்து ஓடிவந்தார்கள். “ஓடம் உடைஞ்சுதா?” “உடைஞ்சுது, மறுபடி கட்டினான்.” “ஊமைக் கிழவன் யாரு?” “அதைக் கேட்கப்படாது.” “அப்பா கிடைச்சாரா தர்மு?” அவள் ஒரு கணம் தயங்கினாள். “வாங்கினாத்தான் தெரியும்!” என்றாள். அதற்குள் பிள்ளைகள் மற்றப் புத்தகங்களின்மேல் விழுந்து ஆளுக்கொன்றாக எடுத்துப் பிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. என் உத்தியோகத்தில் அதைவிட நல்ல நாளை நான் பார்த்ததில்லை.

காரியதரிசி எழுந்து நின்றார். குரலை உயர்த்தவேயில்லை.

“இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்? இது பூட்டின புஸ்தகமாச்சே.”

“நேத்திக்குப் படிச்சேன் மாமா. விளக்குகிட்ட உட்கார்ந்துண்டு.” அவளுக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை.

“சரஸ்வதி பூஜை அன்னிக்கு! அம்பாள் சந்நிதியிலே! அதுவும் போறாதுன்னு தெருவிலே கூடை தூக்கறவ மாதிரி பெரியவா சபையிலே கூச்சல். சமையல்காரன் பொண்ணுக்கு வேற என்ன வரும்? வைத்தா! உன் பொண்ணு நாளையிலேர்ந்து இங்கே வர வேண்டாம்.”

வைத்தா கரண்டியோடு மாடிப்படியில் நின்றிருந்தார். “குழந்தை தெரியாமப் பண்ணிடுத்து, மன்னிச்சுடுங்கோ” என்று கும்பிட்டார். மெஸ் குத்தகை அந்தக் கமிட்டிக்காரர்கள் கையில் இருந்தது. அவரால் வேறு என்ன சொல்ல முடியும்?

நான் சும்மா இருக்கவில்லை. “பூஜையிலே படிச்சது தப்புன்னா ஒரு தேங்காய் உடைக்கச் சொல்லுங்கோ. பள்ளிக்கூடத்துக்கு வராதேன்னு சொன்னா அது என்ன பிராயச்சித்தம்? படிச்சதுக்குத் தண்டனை படிக்காம இருக்கறதா?” என்று சபையிலேயே கேட்டேன். தர்மு வராவிட்டால் நானும் வரமாட்டேன் என்றேன்.

“மதராஸ் மெயில் தினம் போறது மிஸ்டர்” என்றார் காரியதரிசி. பிள்ளைகளின் கையிலிருந்து புத்தகங்களைப் பிடுங்கி அடுக்கிப் பூட்டினார். பொத்தானைக் கழற்றினார், பூணூலை இழுத்தார், சாவியை முடிந்தார். நீலப் புத்தகத்தைத் தர்முவின் கையிலிருந்து எடுத்தபோது அவள் அதை விடாமல் பிடித்திருந்தாள். விரல் விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

நான் மெயில் ஏறவில்லை. மற்றப் பிள்ளைகளும் என் பிள்ளைகள்தாமே. ஞாயிற்றுக்கிழமைகளில் ட்ராம் ஏறிக் கிடர்பூருக்குப் போவேன். மெஸ் கூடத்தில் தர்முவுக்குப் பாடம். மைத்துனனிடமும் ஊரிலிருந்தும் கிடைத்த புத்தகங்களைக் கொண்டுபோவேன். அவள் சாப்பிட வந்த குமாஸ்தா இளைஞர்களிடம் அவற்றைக் கூவி விற்பாள். அவர்கள் ரசத்தைப் பிசைந்துகொண்டே பேரம் பேசுவார்கள். அந்தக் காலத்து வழக்கப்படி சீக்கிரமே அவளுக்குக் கல்யாணமாகும்வரை இது நடந்தது.

இதற்கிடையில் ஒருநாள் கல்வி இலாகாவிலிருந்து வங்காளி இன்ஸ்பெக்டர் ஒருவர் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்தார். காரியதரிசி ஒரு பையனை ஒப்பிக்கச் சொன்னார். இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் தெரியாது. அவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு, வேறு என்ன செய்வீர்கள் என்று வங்காளியில் பிள்ளைகளைக் கேட்டார். என்னைக் கேட்காமலே ஒருவன் மூலையிலிருந்த கூடையை எடுத்துத் தலையில் வைத்தான். தமிழ்க் கதையை வங்காளியில் கூவினான். இன்ஸ்பெக்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். பேரம் பேசினார். பிள்ளைகளிடம் புளியங்கொட்டை கடன் வாங்கிப் புத்தகத்தை வாங்கினார். இத்தனை நல்ல முறையை நான் எங்கும் பார்த்ததில்லை, யாருடைய யோசனை என்று கேட்டார்.

“எங்க சிஸ்டம் சார், எங்க சிஸ்டம்” என்றார் பஞ்சாபகேசய்யர். இங்கிலீஷில்தான் சொன்னார். மார்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னார், சட்டைக்குள் சாவி இருந்த இடத்தில்.

இன்ஸ்பெக்டர் போன பிறகு நான் அவர் வழியை மறித்துக்கொண்டு நின்றேன். “சந்தை நல்ல முறைன்னு நீங்களே ஒத்துண்டாச்சு. அந்தப் பொண்ணைத் திருப்பிக் கூப்பிடுங்கோ.”

“எந்தப் பொண்ணு?” என்றார்.

அவர் நடிக்கவில்லை. நிஜமாகவே மறந்துபோயிருந்தார். அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. இறந்தவரைக் குறைசொல்லக் கூடாது என்பார்கள். ஒரு குழந்தையைத் துரத்தியது அவர் உயிரோடு இருந்தபோதுதான்.

அந்த வருஷம் முதல் விஜயதசமியில் புத்தகச் சந்தை என்று காரியதரிசி தாமே ஏற்பாடு செய்தார். சந்தைக்காக அலமாரியை மட்டும் திறக்கவில்லை. நான் இருந்தவரை என் தகரப் பெட்டியைக் கொண்டு சமாளித்தேன். நான் போனதும் மரக்கட்டை வந்திருக்கிறது.

இளம் உபாத்தியாயர் வந்துபோன மறுநாள் கிடர்பூருக்குப் போனேன். தர்முவின் புருஷருக்குத் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதும் வேலை. அவளுக்கு இப்போது தலையில் ஓரிரு நரை. கூடத்தில் அண்டை அயல் குழந்தைகள் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். மூலையில் ஒரு கூடை.

விழாவைப் பற்றியும் படத்தைப் பற்றியும் சொன்னேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. எனக்கு அதுவும் ஆத்திரமாக இருந்தது. “உன் பேரைப் போட்டு எழுதட்டுமா?” என்று கேட்டேன்.

“எழுதுங்கோ சார். அப்பா பேரையும் எழுதுங்கோ.” காப்பியை என் கையில் கொடுத்துவிட்டுச் சற்றுத் தயங்கினாள். “சார், அந்த நீல அட்டைப் புஸ்தகம் இன்னும் இருக்கா?”

“இருக்கும். பூட்டித்தானே வெச்சிருக்கா.”

“அந்தப் பையனுக்கு அவன் அப்பா கிடைச்சாரா சார்?”

எனக்குப் புரியவில்லை. “நீதானே படிச்சே?”

“முடிக்கலே சார். கடைசியிலே கொஞ்சம் பக்கம் பாக்கி இருந்தது. பந்தி முடிஞ்சு எல்லாரும் மேலே வந்துட்டா, வெச்சுட்டேன். மறுநாள் எல்லாரும் கேட்டப்போ எனக்கே தெரியாது. வாங்கினாத்தான் தெரியும்னு சொல்லிட்டேன். உங்ககிட்டச் சொன்னா காலிக் கூடைன்னு சொல்லிடுவேளோன்னு பயம். அப்புறம் சொல்லவே இல்லே.” சிரிக்கப் பார்த்தாள். “ராத்திரியிலே சில நாள் நானா ஒரு முடிவு கட்டிப்பேன். மறுநாள் அது சரியில்லேன்னு தோணும்.”

சின்ன வயசில் பிடுங்கிய பக்கங்களை அவள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள். நானும் அந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை. மதராஸுக்குத் தந்தியடித்துக் கேட்டால் அதை அச்சிட்டவர்களே இப்போது இல்லை என்கிறார்கள். அந்தப் புத்தகம் இருக்கிற ஒரே இடம் எனக்குத் தெரிந்து பவானிபூர் அலமாரிதான்.

ஆகவே விழாக் கமிட்டியாருக்கு நான் எழுதுவது இதுதான். விஜயதசமியன்று நான் வருகிறேன், மாலை போடுவதற்கல்ல. வைத்தாவின் பெண் தர்மாம்பாளும் என்னோடு வருகிறாள். படத்தைத் திறப்பவர்கள் திறந்துகொள்ளுங்கள். அதற்கு முன் அலமாரியைத் திறந்து அந்த நீல அட்டைப் புத்தகத்தை அவள் கையில் கொடுங்கள். ஓரமாக உட்கார்ந்து படித்து முடிக்கட்டும், எத்தனை நேரமானாலும் சபை காத்திருக்கட்டும். அவள் முடித்த பிறகு உங்கள் பிள்ளைகள் அந்த மரக்கட்டைகளைக் கீழே போட்டுவிட்டு, அப்பா கிடைச்சாரா என்று அவளைக் கேட்கட்டும்.